புதுப்பெயர் பூண்ட பழங்கூழ்

நூலொன்றை எடுத்து வைத்துக்கொண்டு அதன் குணங்குற்றங்களை ஆராய்வதே இப்பகுதியில் எழுதுவோர் வழக்கம். இவ்வாரம் நாம் ஆராயப் புகுந்ததும் அச்சிட்ட ஏடுதான். பன்னிரண்டு பக்கங்கள், கனத்த தாள், கண்ணைப் பறிக்கும் படங்கள். ஆனால் அஃது எந்தப் புத்தகக் கடையிலும் கிடைப்பதன்று. ஓர் உண்டிச்சாலையின் உணவுப் பட்டியல். உணவுப் பட்டியலுக்கும் மதிப்புரையா என்று வாசகர் நகைக்க வேண்டா. அதைப் படித்ததற்கும் அதன்படி உண்டதற்குமாக நாம் கொடுத்த தொகை 142 வெள்ளி 70 காசு. இவ்வளவு விலை கொடுத்து வாங்கிய தமிழ் நூல் எமது அலமாரியில் ஒன்றேனும் இல்லை. ஆதலின் இதை ஆராய்வதற்கு எமக்கு உரிமை உண்டு என்றே கருதுகிறோம்.

நாம் வசிப்பது ஜெஞ்சாரோம். கிள்ளானிலிருந்து பந்திங்கிற்குச் செல்லும் சடக்கில் உள்ள ஊர். நடுவே அவசரகாலத்தில் எழுந்த சீனர் புதுக்கிராமம், சுற்றிலும் செம்பனை. அண்மையில் அச்செம்பனையையும் வீழ்த்தி, ஷா ஆலம் வரையிலும் புதுநகரங்கள் பல எழுந்துவிட்டன. அவற்றுள் ஒன்றில், ஏரிக்கரை ஓரமாக, உடல் நலத்திற்கென்றே உணவு படைக்கும் கடை ஒன்று திறந்திருப்பதாக எமது தமக்கையாரின் பேரன் வந்து கூறினான். கடையின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அப்பெயரை நீக்கி வேறொன்றைப் பொருத்தினாலும் இதில் ஓரெழுத்தும் மாறாது. அவ்வளவு மலிந்துவிட்டன அத்தகைய கடைகள்.

தமக்கையார் முப்பதாண்டுகள் பால்மரம் சீவியவர். நீரிழிவு கண்டு பதினோராண்டு ஆகிறது. வெள்ளைச் சோற்றைக் குறைத்து, தவிடு நீக்காத அரிசியும் சிறுதானியமும் கீரையும் உண்ணுமாறு அரசாங்கச் சுகாதார நிலையத்தில் அவருக்குச் சொல்லியிருந்தார்கள். இஃது அவர் ஒருவருடைய கதையன்று. 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில், இந்நாட்டில் வயது வந்தோருள் 100க்கு 18 பேருக்கு நீரிழிவு இருந்ததாகக் கண்டனர். இந்தியரை மட்டும் எடுத்துக்கொண்டால் அத்தொகை 100க்கு 31. நம்மில் மூவர் கூடிப் பேசினால் அவருள் ஒருவர் மாத்திரையை மறந்துவிட்டு வந்திருப்பார் என்று கொள்ளலாம். ஆகவே, உடல் நலத்திற்கென்று ஒரு கடை திறக்கிறார்கள் என்றால் அதனை வரவேற்க வேண்டிய முதல் சமூகம் நாமே. அந்த எண்ணத்துடனேதான் தமக்கையாரையும் அழைத்துக்கொண்டு சென்றோம்.

உள்ளே சென்றதும் முதலிற் கண்ணிற் பட்டவை மங்குகள். ஆம், பால்மரத்திற் கட்டிப் பால் பிடிக்கும் அதே பீங்கான் மங்குகள்! மேசைக்கு ஒன்றாக வைத்து, அதில் மண்ணிட்டுச் சிறு செடி நட்டிருந்தார்கள். தமக்கையார் அதைக் கையில் எடுத்தார். பழக்கத்தாற் போலும், கட்டைவிரலால் உட்புறத்தை ஒருமுறை துடைத்தார். பிறகு கவிழ்த்து அடியைப் பார்த்துவிட்டு வைத்தார். “நாளொன்றுக்கு நானூறு மங்கு துடைத்திருப்பேன், தம்பி. ஒன்றிலும் பூஞ்செடி முளைக்கவில்லை” என்றார்.

பட்டியலைப் பார்ப்போம். நம் நூல்களுக்குப் பாயிரம் உண்டல்லவா? இதற்கும் உண்டு. முன்னோர் அறிந்திருந்தவையும் உலகம் மறந்துவிட்டவையுமாகிய பழந்தானியங்களைத் தாம் தேடிக் கண்டெடுத்து வந்ததாகக் கடைக்காரர் முதற்பக்கத்திலேயே முழங்குகிறார். எவருடைய முன்னோர்? மறந்தது எந்த உலகம்? ஆடி மாதத்தில் ஜெஞ்சாரோம் வட்டாரத்துத் தோட்டத்து மாரியம்மன் கோயில் எதிலேனும் போய் நின்றால், அந்தக் ‘கண்டெடுக்கப்பட்ட’ தானியத்தை அண்டா அண்டாவாகக் காய்ச்சி, வருவோர் போவோர்க்கெல்லாம் காசின்றி ஊற்றுகிறார்களே! அம்மனைப் பற்றி எமக்குள்ள அபிப்பிராயம் வேறு. கூழைப் பற்றிய அபிப்பிராயத்தில் எமக்கும் பூசாரிக்கும் பேதமில்லை.

நூலுக்கு ஆகாத குற்றங்கள் பத்து என நன்னூலார் வகுத்தார். அவற்றுள் மிகைபடக் கூறல் என்பது பக்கந்தோறும் மலிந்து கிடக்கிறது. முருங்கைக்கீரைக்கு ‘அதிசய இலை’ என்று பெயர். மஞ்சளிட்ட பால் ‘பொன்னமுதம்’. விலை 16 வெள்ளி. சளி பிடித்தால் நம் வீட்டில் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கச் சொல்வார்களே, அதேதான். மரவள்ளி மாவினாற் செய்த பணியாரத் துண்டு ஒன்றுக்குக் ‘கோதுமைப் பசையம் அற்றது’ என்னும் விருது கொடுத்து 18 வெள்ளி போட்டிருந்தார்கள். அதைக் கண்டபோது மட்டும் எமக்கு நகைப்பு வரவில்லை. 1942 முதல் 1945 வரை, பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் வந்துகொண்டிருந்த அரிசி அருகிப்போன ஜப்பானியர் ஆட்சியில், இந்நாட்டு மக்களின் உயிரைப் பிடித்து வைத்தது அந்த மரவள்ளிக்கிழங்கு. அதைத் தின்று வளர்ந்த எம் தந்தையார் சாகும் வரை அதைத் தட்டில் வைக்கவிட்டதில்லை. கோதுமைப் பசையம் உடலுக்கு ஒவ்வாத நோயினர் சிலர் உண்டு. அன்னவர்க்கு அந்தப் பணியாரம் உதவியே. ஏனையோர்க்கு அது மாவும் வெல்லமும் கலந்த பண்டம், அவ்வளவே.

‘உடலின் நஞ்சையெல்லாம் கழுவித் தள்ளும்’ பச்சைச் சாறு ஒன்றும் உண்டு, 19 வெள்ளி. எந்த நஞ்சு, எவ்வழியாகக் கழுவப்படும் என்பதற்கு ஒரு சொல்லும் இல்லை. உடலிற் சேரும் வேண்டாப் பொருள்களைக் கல்லீரலும் சிறுநீரகமும் இரவும் பகலும் கூலியின்றி அகற்றிக்கொண்டிருக்கின்றன. சிறுநீரகம் பழுதுற்றவர்க்கோ கீரைச்சாற்றைச் செறிவாகக் குடிப்பதே சில சமயம் கேடாக முடியும். நின்று பயனின்மை என்னும் குற்றத்திற்கு இதைக் காட்டிலும் நல்ல உதாரணம் இல்லை.

ஏழாம் பக்கத்தில் உணவுகளைச் சாத்விகம், ராஜசம், தாமசம் என மூன்றாகப் பிரித்து, வெங்காயமும் பூண்டும் அறிவை மந்தமாக்கும் தாமசப் பொருள்கள். ஆதலின் இங்கே புகாதவை என்று போட்டிருந்தது. உண்ணும் பொருளைக் கொண்டு மனிதனைத் தரம் பிரிக்கும் பழைய கணக்கு, சமையற்கட்டு வழியாக மருத்துவ வேடம் பூண்டு மறுபடியும் உள்ளே வருகிறது. எங்கள் ஊர்த் தோங் சென் பௌத்த ஆலயத்திலும் மரக்கறி உணவு உண்டு. அது அவர்கள் சமய ஒழுக்கம்; தம் ஒழுக்கமென்று சொல்லியே செய்கிறார்கள். இங்கோ சமயத்தை விஞ்ஞானம் என்று பெயரிட்டு விற்கிறார்கள்.

நிற்க. தமக்கையாருக்குக் கேழ்வரகும் எமக்குத் தவிட்டரிசிச் சோறும் கொண்டுவரச் சொன்னோம். கேழ்வரகின் பெயர் ‘பழந்தானியக் கிண்ணம்’, 32 வெள்ளி. இரண்டு கைக்குள் அடங்கும் கிண்ணத்தில், பனிக்கட்டி போற் குளிர்ந்து, மேலே ஒரு ஊதாப் பூவுடன் வந்தது.

“ஏன் தம்பி, இது நம்ம கேவுருக் கூழுதானே?” என்று கேட்டார் தமக்கையார்.

“அதுவேதான், அக்கா.”

“அப்படியானால் ரெண்டு சின்ன வெங்காயம் கேட்டுப் பாரேன்.”

பரிமாறிய பையன் தமிழன். பணிவுள்ள பிள்ளை. “வெங்காயம் இங்கே கிடையாதுங்க, அம்மா” என்றான். இதில் சர்க்கரை சேர்த்திருக்கிறதா என்று நாம் கேட்டோம். “சர்க்கரையே கிடையாதுங்க, ஐயா. எல்லாம் இயற்கை இனிப்புதான்” என்று பட்டியலைச் சுட்டிக்காட்டினான். அவனைக் குறை சொல்லுதல் தகாது. எழுதிக் கொடுத்ததை ஒப்பித்தான். தமக்கையார் ஒரு வாய் உண்டு முகத்தைச் சுளித்தார். பாயசம்! பட்டியலைத் திருப்பி மறுபடியும் படித்தோம். மேல் வரியில் ‘சர்க்கரை சேர்க்காதது’ என்று பெரிய எழுத்து. கீழ் வரியிற் சிற்றெழுத்தில் பேரீச்சம்பழப் பாகு, தேன், வாழைப்பழம் என்றிருந்தது. பேரீச்சம்பாகும் தேனும் பெரும்பாலும் சர்க்கரைதான்; குளுக்கோசும் பிரக்டோசும் கலந்த பாகு. கரும்பிலிருந்து வந்தால் நோய், தேனீயிடமிருந்து வந்தால் மருந்து என்று குடலுக்குப் பேதம் தெரியாது. நன்னூலார் இதற்கு மாறுகொளக் கூறல் என்று பெயரிட்டார். நூலிலே இக்குற்றம் வந்தால் மாணாக்கன் மயங்குவான். உணவுப் பட்டியலில் வந்தால் விளைவது யாது? வீண் செய்யக் கூடாதென்று தமக்கையார் கிண்ணத்தைக் காலி செய்தார். தோட்டத்தில் வளர்ந்தவர் தட்டில் மிச்சம் வையார். உண்டு இரண்டு மணி நேரம் சென்றபின் வீட்டில் விரலைக் குத்திப் பார்த்தோம். கருவி காட்டியது 14.6. அவருக்கு மருத்துவர் வைத்திருந்த வரம்பு 10க்கும் கீழே.

எமது தட்டைப் பற்றியும் நடுநிலை தவறாமல் சொல்லிவிட வேண்டும். காய்கள் புதியவை, பாகற்காயை நன்றாக வதக்கியிருந்தார்கள். அரிசி குழையவுமில்லை, விறைக்கவுமில்லை. 38 வெள்ளி பெறுமா என்பதுதான் வினா. அரிசிக்கு அடியில் ஒரு குறிப்பும் இருந்தது: தவிடு நீக்காத அரிசியின் பெருமையை மேல்நாட்டு விஞ்ஞானிகள் அண்மையில் உணர்ந்திருக்கிறார்களாம்.

அண்மையிலா? இந்த ஒரு வாக்கியத்திற்கு மறுப்புரைக்காமல் எழுந்துவிட முடியாது. ஏனெனில் அந்த உண்மை உலகிற்கு உறுதியான இடங்களுள் ஒன்று இங்கே, நம் கோலாலம்பூர்.

சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாய் நாட்டில் பெரிபெரி என்னும் நோய் சிலரையன்று, ஆயிரக்கணக்கானோரை அள்ளிக்கொண்டு போயிற்று. காலும் கையும் மரத்து, உடல் வீங்கி, இதயம் சோர்ந்து மாள்வார்கள். மாண்டவருட் பெரும்பாலோர் ஈயச் சுரங்கத்திற் பாடுபட்ட சீனர். அதே நாட்டில், அதே மழையிலும் வெயிலிலும், அவர்களினும் செழிப்பாக வாழ்ந்தவர்களென்று சொல்ல முடியாத தமிழ்க் கூலிகளை அந்நோய் அரிதாகவே தீண்டியது. இதற்குக் காரணம் யாது? லியோனார்டு பிராடன் என்னும் மருத்துவர் 1907ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் அரிசியைச் சுட்டினார். சீனர் உண்டது ஆலையிலே தீட்டிய வெள்ளைப் பச்சரிசி. தமிழர் உண்டது புழுங்கலரிசி. வெள்ளையரிசியில் நாளாக ஆக ஏதோ நஞ்சு ஏறுகிறது என்று அவர் எண்ணினார். நோய்க்குரிய அரிசியைச் சரியாகச் சுட்டியவர் காரணத்தில் தவறினார்.

1905ஆம் ஆண்டு டிசம்பரில் கோலாலம்பூர் மனநோயாளர் விடுதியில் வில்லியம் பிளெட்சர் என்னும் மருத்துவர் இதைச் சோதித்தார். நோயாளிகளை வரிசையில் நிறுத்தி எண்ணினார்கள். ஒற்றைப்படை எண்ணினர் முற்றத்தின் கிழக்குக் கட்டடத்திற்குப் போனார்கள். அவர்களுக்கு வழக்கம்போல் சயாம் வெள்ளையரிசி. இரட்டைப்படை எண்ணினர் மேற்குக் கட்டடத்திற்குப் போனார்கள். அவர்களுக்கு இந்தியப் புழுங்கலரிசி. மற்ற உணவெல்லாம் ஒன்றே. ஓராண்டு கடந்தது. வெள்ளையரிசி உண்ட 120 பேரில் 18 பேர் பெரிபெரியால் மாண்டனர். புழுங்கலரிசி உண்ட 123 பேரில் நோய் கண்டவர் இருவரே. அவ்விருவரும் நோயுடனேயே விடுதிக்கு வந்தவர்கள். சித்தம் கலங்கிய அந்த மனிதர்களின் சம்மதத்தைக் கேட்கும் வழக்கம் அக்காலத்தில் இல்லை. இன்று நாம் உண்ணும் சோற்றைப் பற்றிய அறிவுக்கு அப்பதினெண்மர் கொடுத்த விலையை எந்தப் பட்டியலும் அச்சிடுவதில்லை.

பின்னர் கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த பிரேசரும் ஸ்டாண்டனும், நெகிரி செம்பிலான் காட்டில் சாலை போட்டுக்கொண்டிருந்த ஜாவானியத் தொழிலாளர் ஏறத்தாழ 300 பேரிடம் இதையே மேலும் நுணுக்கமாக ஆராய்ந்தனர். வெள்ளையரிசியில் நஞ்சு ஏதும் இல்லை. தீட்டித் தள்ளிய தவிட்டோடு இன்றியமையாத ஏதோ ஒன்று போய்விடுகிறது என்பதை நிலைநாட்டினர். ஜாவாவில் ஐக்மனும் கிரைன்சும் கோழிகளைக் கொண்டு கண்டதும் இதுவே; ஐக்மனுக்கு 1929இல் நோபல் பரிசு கிடைத்தது. அந்த ‘ஏதோ ஒன்று’ பி1 என்னும் உயிர்ச்சத்து. நெல்லை ஊறவைத்து ஆவியிற் புழுக்கும்போது தவிட்டிலுள்ள அச்சத்து அரிசியின் உள்ளே சென்று தங்கிவிடுகிறது. பின்னர்த் தீட்டினாலும் முற்றும் போவதில்லை. இது தெரிந்தா நம் பாட்டிமார் நெல்லைப் புழுக்கினார்கள்? இல்லை. நெல் உடையாதிருக்கவும், அரிசி நெடுநாள் கெடாதிருக்கவும் புழுக்கினார்கள். தெரியாமற் செய்ததேயாயினும் அது தோட்டத்துக் கூலியின் உயிரைக் காத்தது. முன்னோர் எல்லாம் அறிந்திருந்தார்கள் என்று நாம் புளுக வேண்டியதில்லை.

அந்தப் புழுங்கலரிசியை நாம் என்ன செய்தோம்? இங்கேதான் கடைக்காரரை விட்டு நம்மை நாமே பார்க்க வேண்டியிருக்கிறது. பழுப்பேறிய சோறு லயத்துச் சோறு என்று பட்டணத்துக்கு வந்தவர் முகஞ்சுளித்தார். மல்லிகைப் பூப்போல் வெளுத்த சோறே மரியாதை என்றானது. கேவுரு, கம்பு என்ற பெயர்களைச் சொல்லக் கூசி, பிள்ளைகளுக்கு வெள்ளை ரொட்டியும் டின்பாலும் கொடுத்தோம். முருங்கை மரத்தை வெட்டிவிட்டு அந்த இடத்தில் மோட்டார் வண்டிக்குக் கொட்டகை போட்டோம். நம் வெட்கத்தை மட்டும் சொல்லி நிறுத்துவதும் நியாயமாகாது. அரசாங்கம் உச்சவிலை விதித்துக் காத்துவந்தது உள்நாட்டு வெள்ளையரிசியை. தவிட்டரிசிக்கும் புழுங்கலரிசிக்கும் அந்தக் காவல் இல்லை. மலிந்ததைத்தானே ஏழை வாங்குவான்? 2025ஆம் ஆண்டில் அமலுக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. மாதத்திற்கு 26 வேலைநாள் என்று பங்கிட்டால் நாளொன்றுக்கு 65 வெள்ளி சொச்சம். நாங்கள் இருவர் அன்று ஒரு வேளைக்குச் செலவிட்டது ஒரு தொழிலாளியின் இரண்டு நாள் கூலிக்கும் மேல். எந்த நோய்க்கு மருந்தென்று இவ்வுணவை விளம்பரப்படுத்துகிறார்களோ, அந்நோய் மிகுந்த சமூகம் வாசற்படியையும் மிதிக்க முடியாத விலை இது.

மிஞ்சிய பணியாரத் துண்டைப் பெட்டியில் இட்டுக் கொடுத்தார்கள். கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் பெட்டி. மூடியில் ‘மண்ணைக் காப்போம்’ என்று பச்சை எழுத்து. ஜெஞ்சாரோம்வாசிக்கு இதைக் கையில் கொடுப்பதற்குத் துணிவு வேண்டும். 2018ஆம் ஆண்டு ஜனவரியில் சீன தேசம் அயல்நாட்டுப் பிளாஸ்டிக் கழிவுக்குக் கதவடைத்தது. உடனே மேல்நாட்டுக் குப்பையெல்லாம் கிள்ளான் துறைமுகத்தின் வழியாக எங்கள் ஊர்ப்பக்கம் மலைமலையாக வந்து குவிந்தது. செம்பனைக்குள் மறைவாக, அனுமதியில்லாத ஆலைகள் இரவில் அதை எரித்தன. சன்னலைச் சாத்திக்கொண்டு இருமியபடி படுத்திருந்த இரவுகளை நாங்கள் மறக்கவில்லை. ஊரார், பெரும்பாலும் சீனக் குடும்பத்தார், விடாமல் முறையிட்ட பிறகே அவ்வாலைகள் பல மூடப்பட்டன. 2019 மே மாதத்தில் 3,000 டன் வரையிலான கழிவை வந்த நாடுகளுக்கே திருப்பியனுப்பப் போவதாக அரசாங்கம் அறிவித்தது. உடல் நலத்தைப் பற்றிப் பன்னிரண்டு பக்கம் எழுதிய ஏட்டில், மூச்சு விடும் காற்றைப் பற்றி அரை வரியும் இல்லை.

மறுநாள் தமக்கையார் பேரனை அனுப்பி, ஊர் மளிகைக் கடையில் எட்டு வெள்ளிக்கு ஒரு கிலோ கேழ்வரகு மாவு வாங்கி வரச்செய்தார். முதல்நாள் இரவே கரைத்துப் புளிக்கவைத்துக் காய்ச்சினார். கேழ்வரகும் மாவுச்சத்துதான், அளவு மீறினால் அதுவும் சர்க்கரையை ஏற்றும் என்று நாம் எச்சரித்தோம். “எனக்குத் தெரியாதா?” என்று அரை மங்கு ஊற்றிக்கொண்டார். சின்ன வெங்காயம் நான்கு, சுட்ட கருவாடு ஒரு துண்டு, அடுத்த வீட்டு மரத்து முருங்கைக்கீரைப் பொரியல். இரண்டு மணி நேரம் கழித்து விரலைக் குத்தினார். 9.2.

“இன்னும் கொஞ்சம் இறங்கணும்” என்று சொல்லிவிட்டு, அந்தப் பிளாஸ்டிக் பெட்டியைக் கழுவி, அதில் மிச்ச வெங்காயத்தைப் போட்டு வைத்தார்.